வேதியியல், உயிரியல் பட்டத்துடன் வேலை தேடுவோருக்குச் சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

கடைசிப் பருவத் தேர்வு முடிந்து, செய்முறை ரெக்கார்டு நோட்டைப் பரணில் ஏற்றிவிட்டு வீட்டில் அமரும் பிள்ளையிடம் சேலம் மாவட்டத்தின் எந்த வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து எம்.எஸ்சி.யா, பி.எட்.டா? இரண்டும் நல்ல வழிகளே. ஆனால் அவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. நம்மைச் சுற்றி ஒன்றிரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் எந்தெந்தப் பொருள்கள் விற்பனைக்குப் போகுமுன் எடை போடப்பட்டு, எரிக்கப்பட்டு, கரைக்கப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன, அந்தச் சோதனைத் தாளில் கையொப்பமிடுபவர் யார் என்பதே அக்கேள்வி. இம்மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் வேதியியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் பணியாற்றி வரும் நான், என்னிடம் நேர்காணலுக்கு வந்த பட்டதாரிகள் பலர் எங்கே தடுமாறினார்கள் என்பதைக் கண்டே இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்துவந்தால் வீண் அலைச்சலும் வீண் செலவும் குறையும்.

முதலில் உங்கள் பட்டத்தின் பெயரைச் சரியாகப் படியுங்கள்

வேதியியல், பயன்பாட்டு வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம், தாவரவியல், விலங்கியல் ஆகிய அனைத்தையும் உறவினர்கள் 'சயின்ஸ் குரூப்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பணி விதிகள் அப்படிப் பார்ப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்குரிய மத்திய விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகியவற்றில் இளநிலைப் பட்டமே அதற்குப் போதும், ஆனால் வேதியியல் படித்தவர் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டுகள் வேதியியல் படித்துவிட்டு இந்தப் பணிக்கென்றே பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்து, விண்ணப்பிக்கும் நாளில்தான் இந்த ஒரு வரியைப் படித்தவர்களை நான் அறிவேன்.

உணவுப் பகுப்பாய்வாளர் என்பது வேறு பணி. அதற்கு வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடமொன்றில் முதுநிலைப் பட்டமும், உணவுப் பகுப்பாய்வில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும், அதன்பின் அதற்கென நடத்தப்படும் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வகம் ஒன்று இயங்குவதால், இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இவ்வழியை மனத்தில் வைத்திருப்பது நல்லது. மருந்து ஆய்வாளர் பணியோ பெரும்பாலும் மருந்தியல் பட்டதாரிகளுக்கு உரியது, பி.எஸ்சி. வேதியியலை வைத்துக்கொண்டு அதற்குத் தயாராக வேண்டாம்.

பள்ளி ஆசிரியர் பணியை நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கல்லூரி விளம்பரத்தில் அழகாகத் தெரியும் சில புதிய பட்டப் பெயர்களுக்கு, தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ வேதியியலுக்கோ இணையானது என்ற அரசாணை இல்லாமல் போகலாம். இணைத்தன்மை அரசாணை இல்லையென்றால் தேர்வில் முதலிடம் பெற்றாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடுவீர்கள். உங்கள் பட்டத்துக்கு அந்த அரசாணை உண்டா என்பதை பி.எட். கட்டணம் கட்டுவதற்கு முன்பே பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவமனை ஆய்வகம் குறித்தும் ஒரு தெளிவு தேவை. நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ படித்தவருக்கு இரத்த மாதிரி சோதிக்கும் வேலை தானாகக் கிடைத்துவிடாது. அங்கே மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயமோ பட்டமோதான் கேட்கிறார்கள். உங்கள் மனம் மருத்துவமனை வேலையில்தான் இருக்கிறது என்றால், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் அந்தப் பட்டயத்தைக் கூடுதலாகப் படித்துவிடுவதே நேரான வழி.

அடுத்து, மாவட்டத்தை ஓர் ஆய்வகமாகப் பாருங்கள்

சேலத்திலிருந்து வாழப்பாடி வழியாக ஆத்தூர் செல்லும் சாலையில், மரவள்ளிக்கிழங்கு வரத்துள்ள மாதங்களில், வெயிலில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காயும் களங்களையும், மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியின் புளித்த வாடையையும் கடந்துதான் நாம் அனைவரும் போய் வந்திருக்கிறோம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலைகளின் சரக்கை விற்றுத்தரும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் சேலத்தில் இயங்கிவருகிறது. இந்தச் சரக்கு எதுவும் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கப்படுவதில்லை. ஈரப்பதம், சாம்பல், அமிலத்தன்மை, கந்தக டை ஆக்சைடின் எச்சம், வெண்மைக்காகச் சேர்க்கக்கூடாத எதையேனும் சேர்த்திருக்கிறார்களா என்பன அனைத்தும் பார்க்கப்படுகின்றன. உலர் எடையில் மொத்தச் சாம்பல் 0.4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவு விதி.

நகரின் வடக்கே ஏற்காட்டு மலை அடிவாரத்தை ஒட்டிய கரட்டில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், இன்னொரு பெரிய வாய்ப்பு. சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. தூய வெள்ளைக்கல்லில் ஏறத்தாழப் பாதி எடை அப்படியே காற்றோடு போய்விடும். மிஞ்சியதில் சுண்ணாம்பும் சிலிகாவும் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அது எஃகு உலையின் உட்சுவர்ச் செங்கல்லுக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவாகிறது. அதில் சுண்ணாம்பைக் காணும் சோதனை என்ன தெரியுமா? நீங்கள் கல்லூரியில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கச் செய்த அதே ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன்தான். பி.எச். 10இல் எரியோகுரோம் பிளாக் டி போட்டுக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துப் பார்ப்பதும், பி.எச். 12க்கு மேல் ஏற்றிக் கால்சியத்தைத் தனியாகப் பார்ப்பதும், இரண்டையும் கழித்து மக்னீசியத்தை அறிவதும் உங்கள் ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கின்றன. சிமென்ட் ஆலையிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். சங்ககிரியில் அதற்கு இடம் உண்டு.

மேட்டூரின் வேதிப்பொருள் ஆலைகள், அங்குள்ள அனல்மின் நிலையம், சேலம் உருக்காலை, பள்ளிபாளையத்தின் காகித ஆலையும் சர்க்கரை ஆலையும் என்று பட்டியல் நீள்கிறது. அனல்மின் நிலையத்தில் வேதியியலர் சோதிப்பது முக்கியமாகக் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரையும் உள்ளே வரும் நிலக்கரியையும் என்று சொன்னால் மாணவர்கள் வியப்படைகிறார்கள். தண்ணீரில் மிகச் சிறிதளவு சிலிகா இருந்தாலும் அது நீராவியோடு போய் டர்பைன் இறக்கைகளில் படியும்; அதனால்தான் இரவு மூன்று மணிக்கும் ஒருவர் மாதிரி எடுக்கிறார்.

நாமக்கல்லின் கோழிப்பண்ணைத் தொழில் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் பொதுவான களம். தீவனத்தின் புரதத்தை அறிய நைட்ரஜனைக் கெல்டால் முறையில் கண்டு 6.25ஆல் பெருக்குகிறோம். மக்காச்சோளத்திலும் பிண்ணாக்கிலும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும் என்பதால் லாரி லாரியாகச் சோதனை நடக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உள்ளது. அதைப் போன்ற வேலை தனியார் தீவன ஆலைகளிலும் உண்டு.

தண்ணீரும் கழிவுநீரும் தனி உலகம். சேலம், தருமபுரிப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு கூடுதல். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம், லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. ஜவ்வரிசி ஆலை, சாயப்பட்டறை, பால்பண்ணை ஆகியவற்றின் கழிவுநீரோ ஆற்றிலும் ஓடையிலும் கலக்குமுன் அதன் பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ளும், சி.ஓ.டி. (அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். இதற்காகச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேதியியலரும் நுண்ணுயிரியலரும் தேவைப்படுகிறார்கள். இது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலையாகப் பலருக்குத் தோன்றுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. திருமணிமுத்தாற்றின் இன்றைய நிலையைப் பார்த்தவர்கள் இந்த வேலையைத் தாழ்வாக நினைக்கக் கூடாது.

பிறகு, ரெக்கார்டு நோட்டைப் பரணிலிருந்து இறக்குங்கள்

இந்தக் கட்டுரையில் எதைத் தவறவிட்டாலும் இந்தப் பகுதியைத் தவறவிட வேண்டாம். நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை எப்படித் தயாரிப்பீர்கள்? 'நான்கு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பேன்' என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். கணக்குச் சரி, விடை பாதி. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும் பொருள். தராசில் நான்கு கிராம் காட்டினாலும் அதில் எவ்வளவு உண்மையான காரம் என்பது தெரியாது. ஆகவே லிட்டருக்கு 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தைத் துல்லியமாக எடைபோட்டுத் திட்டக் கரைசல் தயாரித்து, பினாப்தலீன் துளியிட்டு, இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைக்கும் வரை டைட்ரேட் செய்து, கிடைத்த உண்மையான நார்மாலிட்டியைத் தேதியுடன் பாட்டிலின் மேல் எழுத வேண்டும். இதை ஒருவர் தாமாகச் சொன்னால் அவருடைய மதிப்பெண் பட்டியலை நான் அதன்பின் அவ்வளவாகப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்தது ஜவ்வரிசியின் சாம்பல். ஐந்து கிராம் மாதிரியை எடை தெரிந்த பீங்கான் குரூசிபிளில் எடுத்து, புகை அடங்கும் வரை மெல்லிய தீயில் கரியாக்கி, 550 டிகிரி மஃபிள் உலையில் சில மணி நேரம் வைத்து, வெளிர் சாம்பலானபின் டெசிகேட்டரில் ஆறவைத்து எடைபோடுகிறோம். 0.4 சதவீத வரம்பு என்றால் ஐந்து கிராமுக்கு வெறும் 20 மில்லிகிராம். குரூசிபிளை இடுக்கியால் எடுக்காமல் விரலால் எடுத்தால் விரலின் ஈரமும் பிசுக்கும் எடையில் ஏறிவிடும்; சூடு ஆறாமல் தராசில் வைத்தால் மேலெழும் வெப்பக் காற்று தட்டைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். ஐந்து மில்லிகிராம் பிழை என்பது 0.1 சதவீதம், ஒரு லாரிச் சரக்கு தேறுவதும் திரும்புவதும் அதில் அடங்கியிருக்கிறது. எனவே மறுபடி அரை மணி நேரம் சூடாக்கி, ஆற்றி, எடைபோட்டு, இரு எடைகளும் ஒத்துவந்த பிறகே எழுத வேண்டும்.

நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு இதற்கு நிகரான கேள்வி, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனான ஆட்டோகிளேவைப் பற்றியது. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்பதை எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். உள்ளே வைத்தது உண்மையிலேயே கிருமியற்றதாகிவிட்டது என்பதை எப்படி உறுதிசெய்வீர்கள் என்று கேட்டால், 'டேப்பில் கோடு கறுத்திருக்கும்' என்பார்கள். அந்தக் கோடு சூடு பட்டது என்பதை மட்டுமே காட்டும். வெப்பத்தை மிகவும் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய குப்பியை உடன் வைத்து எடுத்து, அதை வளர்ப்பு வெப்பத்தில் வைத்து, எதுவும் வளரவில்லை என்று பார்ப்பதே சான்று.

கல்லூரியில் குழுவாகச் செய்த செய்முறைகளில் உங்கள் கை எதில் பட்டது, எதில் நண்பரின் அளவீட்டைப் பார்த்து எழுதினீர்கள் என்பதை நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள். செய்யாதவற்றைக் கல்லூரி ஆய்வகத்திலேயே ஆசிரியரிடம் அனுமதி கேட்டு மீண்டும் செய்துவிடலாம். பழைய மாணவர் வந்து கேட்டால் மறுக்காத ஆசிரியர்கள் நம் ஊரில் நிறையவே உண்டு. கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி., ஜி.சி. போன்ற கருவிகளுக்குக் கட்டணப் பயிற்சி தருவதாக வரும் விளம்பரங்களைப் பார்த்துச் சேருமுன், ஒரு மாணவர் தம் கையால் எத்தனை முறை மாதிரியைச் செலுத்தி வரைபடம் எடுப்பார் என்று கேளுங்கள். திட்டமான எண்ணிக்கை சொல்லத் தயங்கும் இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்ற சொல்லை நான் ஒருபோதும் நம்புவதில்லை.

மலையிலும் வயலிலும் வேலை செய்ய விரும்புவோருக்கு

நான்கு சுவருக்குள் அமர விருப்பமில்லாத தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்குச் சேர்வராயன் மலை நல்ல பள்ளிக்கூடம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா 1963 முதல் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் மலையில் உண்டு. சமவெளிக்கு இறங்கினால் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும், சேலத்தில் மத்திய பட்டு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. இத்தகைய நிலையங்களில் ஆய்வுத் திட்டம் நடக்கும் காலத்துக்கு மட்டும் தற்காலிகப் பணியாளர்களை நேரடி நேர்காணல் மூலம் எடுப்பது வழக்கம். பணி நிரந்தரமில்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். செடியை இனங்கண்டு, உலர்த்தி, தாளில் ஒட்டி, குறிப்பெழுதும் பயிற்சியை ஓராண்டில் அங்கே கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது.

காபித் தோட்டங்களைப் பற்றி மாணவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஏற்காட்டின் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே அரபிகா காபி நிற்கும். அரபிகாவின் பெரும் பகைவன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்த வண்டு முட்டையிடும் பருவத்தை அறிந்து, தாக்குண்ட செடியை அடையாளம் கண்டு பிடுங்கி அழிக்கத் தெரிந்த விலங்கியல் பட்டதாரி ஒரு தோட்டத்துக்குப் பெரிய சொத்து. பறித்த பழத்தின் தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைக்கும்போது உள்தோலுடன் கூடிய பார்ச்மென்ட் கொட்டையின் ஈரப்பதம் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு வர வேண்டும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும், அதிகமாகக் காய்ந்தால் கொட்டை நொறுங்கும். இத்துறையில் மேலே செல்ல விரும்புவோருக்கு இந்தியக் காபி வாரியம் பெங்களூருவில் காபித் தர மேலாண்மையில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களைப் பட்டப்படிப்பில் படித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஏற்காட்டுப் பிள்ளைகளே இதை அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

விண்ணப்பிக்கும் முறை

சிறு ஆலைகள் விளம்பரம் கொடுப்பதில்லை. பெரிய ஆலைகளும் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகவே கேட்டுக்கொள்கின்றன. தெரிந்தவர் இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் இணையதளத்தில் ஊர்வாரியாக ஆய்வகங்களைத் தேடலாம். ஒவ்வோர் ஆய்வகமும் எந்தப் பொருளில் எந்தச் சோதனையை எந்த முறையில் செய்ய அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்ற முழுப் பட்டியலும் அங்கே கிடைக்கும். சேலம், நாமக்கல், ஈரோடு, ஓசூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களின் பட்டியலை எடுத்து, அவற்றில் உங்கள் கையால் செய்யத் தெரிந்த சோதனைகளை அடிக்கோடிடுங்கள். விண்ணப்பக் கடிதத்தில் 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றக் கூடியவர்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, அந்த ஆய்வகம் செய்யும் இன்னின்ன சோதனைகளை நான் செய்திருக்கிறேன் என்று நான்கு வரி எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். நேரில் கொண்டுபோகிறீர்கள் என்றால், வாசலில் கொடுத்துவிட்டு வராமல் ஆய்வகப் பொறுப்பாளரை ஐந்து நிமிடம் பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள்.

பட்டம் முடித்த கையோடு தொழில் பழகுநர் பயிற்சிக்கும் பதிந்துவிடுங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள், இயற்பியல், கணிதம், வேதியியல் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளை வேதி ஆலை இயக்குநர் பிரிவில் பழகுநர்களாக எடுக்கின்றன. உதவித்தொகை சிறிதே என்றாலும், குழாய், வால்வு, பம்பு, அழுத்தமானி ஆகியவற்றைத் தொட்டுப் பழகியவர் என்ற அடையாளம் பின்னர் உற்பத்திப் பிரிவில் வேலை தேடும்போது உதவும். அணுசக்தித் துறையும் அறிவியல் பட்டதாரிகளை உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியாளர்களாக எடுக்கிறது. கல்பாக்கத்துக்கான அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்கள். அதில் வயது வரம்பும் மதிப்பெண் வரம்பும் கடுமையானவை என்பதால், ஓராண்டு தள்ளிப்போட்டால் வாய்ப்பே போய்விடலாம்.

ஓசூரும் பெங்களூருவும் மருந்து, உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த இடங்கள். அங்கே சம்பளம் கூடும், வாடகையும் கூடும். முதல் வேலையைச் சேலத்துக்குள் பார்த்து ஓரிரண்டு ஆண்டு அனுபவத்துடன் அங்கே சென்றவர்கள், நேராகச் சென்றவர்களைவிட நல்ல இடத்தில் அமர்ந்ததையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மேற்படிப்பை எப்போது தேர்ந்தெடுப்பது

வேலை கிடைக்கவில்லை என்பதற்காக எம்.எஸ்சி. சேர்வது இரண்டாண்டுகளைத் தள்ளிப்போடுவது மட்டுமே. ஆய்வில் விருப்பம் உண்டு, கல்லூரி ஆசிரியராக ஆசை உண்டு, அல்லது முன்னே சொன்ன பகுப்பாய்வாளர் போன்ற பணி வேண்டும் என்றால் கட்டாயம் படியுங்கள். 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் கருப்பூரிலேயே இருக்கிறது. 1857ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் சேலம் அரசு கலைக் கல்லூரியும் நமக்கு அருகில் உள்ளது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு எழுத வேண்டும். இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்பதைப் பலர் காலம் கடந்தே அறிகிறார்கள். உணவுத் துறையில் ஆர்வமுள்ளவர்கள் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.எஸ்சி. படிப்பைப் பாருங்கள். ஜவ்வரிசியும் மாம்பழமும் பாலும் விளையும் பகுதியிலிருந்து போகிறவருக்கு அங்கே கற்பது எதுவும் வீணாகாது.

முதுநிலை முடிக்கும்போது சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வை எழுதுங்கள். வேதி அறிவியலும் உயிர் அறிவியலும் அதில் தனித்தனித் தாள்கள். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையுடன் தேறினால், 2023 ஜனவரி முதல் உள்ள வீதப்படி முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டில் பணம் கேட்காமல் முனைவர் பட்டம் படிக்க நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நேர்மையான வழி வேறில்லை.

போட்டித் தேர்வுகளும் பிறவும்

இந்திய வனப்பணித் தேர்வுக்கு வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய மூன்று பாடத்தாரும் தகுதியுடையோர். டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணித் தேர்வுகளில் வேதியியலர், தடய அறிவியல் துறை அலுவலர் போன்ற இடங்கள் வருவதுண்டு. அத்துறையின் வட்டார ஆய்வகம் சேலத்திலும் உள்ளது. ஆனால் இடங்கள் சிலவே, அறிவிப்புகளுக்கு இடையே ஆண்டுகளும் கழியும். ஆகவே வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். வேலையே பார்க்காமல் நான்கைந்து ஆண்டுகள் தேர்வுக்கு மட்டும் தயாரானவர்கள், பின்னர் ஆய்வகத்துக்கு வரும்போது கை மறந்துபோய் நிற்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

மெடிக்கல் கோடிங் உயிரியல் படித்தவர்களுக்குச் சேலத்திலேயே கிடைக்கும் மேசை வேலை. அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை இடுவது அப்பணி. உடற்கூறியல் அறிவும் ஆங்கில வாசிப்பும் இருந்தால் போதும். மருந்துப் பிரதிநிதி வேலையும் உண்டு. பேச்சுத் திறனும் இருசக்கர வண்டியில் ஊர் சுற்றும் உடல்வலிமையும் உள்ளவர்களுக்கு அது விரைவில் வருமானம் தரும்.

வேலையில் சேரும் நாளில்

நான் முதன்முதலில் சேர்ந்த நிறுவனத்தில் என் அசல் பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாண்டு கழித்து வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தபோது அவற்றைத் திருப்பி வாங்க நாற்பது நாள்கள் நடந்தேன்; அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலை ஒருபோதும் விட்டுவிட்டு வராதீர்கள். பணி நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே பழைய வேலையை விடுங்கள். அதில் சம்பளம், ஷிஃப்ட் நேரம், பயிற்சிக் காலம், வருங்கால வைப்புநிதி ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இரவு ஷிஃப்ட் உண்டு என்றால் போக்குவரத்து யார் பொறுப்பு என்பதைப் பெண்கள் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்டதற்காக ஒருவரை மறுக்கும் இடத்தில் சேராமலிருப்பதே மேல்.

சோதனை செய்யாமலேயே 'நேற்றைய அளவை எழுதிவிடு' என்று மேலே இருப்பவர் சொன்னால் எழுதாதீர்கள். நேரமில்லை என்றால் 'சோதிக்கப்படவில்லை' என்று பதிவேட்டில் எழுதுங்கள். தவறாக எழுதிவிட்டால் அழிக்காமல் ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணையும் தேதியையும் சுருக்கொப்பத்தையும் இடுங்கள். தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

முதல் நாள் பியூரெட்டைத் தொடுமுன் மூன்று இடங்களைக் கேட்டு அறியுங்கள்: கண்ணில் அமிலம் தெறித்தால் கழுவும் குழாய், உடலில் கொட்டினால் நிற்க வேண்டிய அவசரக் குளியல், வேதிப்பொருள் சிந்தினால் கொட்டும் மணல் வாளி. உங்கள் மேசையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வழியில் அட்டைப்பெட்டியோ நாற்காலியோ கிடந்தால் அன்றே அங்கிருந்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.